வளைந்த விரல்களால் கண் திறந்தவர்

பிள்ளைகளே, வீட்டில் பட்டர் பேப்பர் இருந்தால் ஒரு துண்டு எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் தடவிக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் உட்கார்ந்து, அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சுவரில் இருக்கும் நாள்காட்டியைப் பாருங்கள். வெளிச்சம் வருகிறது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. அம்மா குறுக்கே நடந்தால் நிழலாடுகிறது. ஆனால் தேதி? கிழமை? அம்மாவின் முகம்?

கண்புரை முற்றியவர்களுக்கு உலகம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இருட்டு அல்ல, வெளிச்சம் உண்டு, அந்த வெளிச்சத்தில் உருவம்தான் இல்லை. உலகத்தில் பார்வை இழந்தவர்களைக் கணக்கெடுத்தால், அதற்கு முதல் காரணமாக வந்து நிற்பது இந்தப் புரைதான். இத்தனைக்கும் சில நிமிட அறுவை சிகிச்சையில் இதைச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடிந்த ஒன்றால் கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஏன் பார்வையில்லாமல் தடுமாற வேண்டும்?

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன். அவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. வெளிநாட்டுக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் அவரை "டாக்டர் வி." என்று அழைப்பார்கள். அவருடைய வேலையின் ஒரு கிளை நம் சேக்காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆவடி போய், பூந்தமல்லி சாலையில் பருத்திப்பட்டைத் தாண்டி, கரையான்சாவடி வந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால் நூம்பல் வரும். 2017-இல் அங்கே திறக்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனையை உங்களில் சிலர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். உங்கள் ஆயாவோ தாத்தாவோ அங்கே போய்வந்தும் இருக்கலாம்.

முதலில் புரை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கண்ணின் முன்பக்கம் கருவிழி இருக்கிறது. அதற்குப் பின்னால், நடுவில் கறுப்பாகத் தெரியும் ஓட்டை பாவை. அந்தப் பாவைக்குப் பின்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. அகலம் சுமார் 9 மில்லிமீட்டர். வெளியிலிருந்து வரும் ஒளியைக் கருவிழியும் இந்த லென்ஸும் சேர்ந்து வளைத்து, கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரையில் குவிக்கின்றன. லென்ஸ் வழியாகத்தான் பார்க்கிறோம் என்பதால் அது முழுக்க முழுக்கத் தெளிவாக இருந்தாக வேண்டும். அதற்காக உடம்பு செய்திருக்கும் ஏற்பாடு ஆச்சரியமானது. லென்ஸுக்குள் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. அதன் உள்ளே இருக்கும் செல்கள், ஒளிக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று, தங்கள் உட்கருவையே இழந்துவிடுகின்றன. மிஞ்சுவது கிரிஸ்டலின் என்னும் புரதம் நெருக்கமாக அடுக்கப்பட்ட நார்கள் மட்டும்.

உட்கரு இல்லாத செல்லால் புதுப் புரதம் செய்துகொள்ள முடியாது. ஆகவே லென்ஸின் நடுப்பகுதியில் இருக்கும் புரதம், நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உண்டான அதே புரதம். உங்கள் ஆயாவின் தோல் எத்தனையோ முறை புதுப்பிக்கப்பட்டிருக்கும், ரத்தம் புதிதாகியிருக்கும். அவருடைய கண் லென்ஸின் மையம் மட்டும் அவர் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டது. இதை வைத்து விஞ்ஞானிகள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். கிரீன்லாந்துச் சுறாவின் லென்ஸ் மையத்தில் உள்ள கார்பனை ஆராய்ந்து அதன் வயதைக் கண்டுபிடித்தார்கள். 2016-இல் வெளிவந்த அந்த ஆய்வில் மிகப் பெரிய சுறாவின் வயது குறைந்தது 272 ஆண்டுகள் என்று தெரிந்தது.

அத்தனை காலம் உழைக்கும் புரதம் மெல்லமெல்லப் பழுதாகிறது. வயது, வெயிலில் உள்ள புறஊதாக் கதிர், சர்க்கரை நோய், புகைபிடித்தல், நீண்ட நாள் சாப்பிடும் ஸ்டீராய்டு மருந்து, கண்ணில் பட்ட அடி என்று காரணங்கள் பல. ஒழுங்காக மடிந்திருந்த புரதம் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு கண்ணாடிபோல் இருக்கும். வேகவைத்தால் வெளுத்துக் கெட்டியாகிறதல்லவா, அங்கும் புரதம் குலைந்து ஒட்டுவதுதான் நடக்கிறது. வெந்த முட்டையை மறுபடி பச்சையாக்க முடியாது. புரை விழுந்த லென்ஸையும் சொட்டு மருந்தால் தெளிவாக்க இதுவரை வழி இல்லை. "இந்தச் சொட்டைப் போட்டால் புரை கரைந்துவிடும்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கட்டியான புரதத்தில் படும் ஒளி நேராகப் போகாமல் நாலாபுறமும் சிதறும். எங்கள் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார். பகலில் கடைக்குப் போவார், கீரை வாங்குவார், எல்லாம் செய்வார். சாயங்காலம் ஆனால் திருவள்ளூர் ரோட்டைத் தாண்ட மட்டும் மாட்டார். "வண்டி லைட்டு கண்ணுல தெறிக்குதுப்பா, லாரி வருதா ஸ்கூட்டர் வருதான்னே தெரியல" என்பார். வயதாகிவிட்டதால் பயம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முகப்பு விளக்கின் ஒளி லென்ஸுக்குள் சிதறிக் கண் முழுவதும் பரவுவதுதான் அந்தத் "தெறிப்பு". புரையின் ஆரம்ப அறிகுறிகளில் இதுவும் ஒன்று. வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி டாக்டர் வெங்கடசாமியிடம் வருவோம். 1918 அக்டோபர் 1 அன்று, எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் எருமை மேய்த்தார். காகிதம், பென்சில் எல்லாம் கிடையாது. ஆற்று மணலை அள்ளிவந்து பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்தார். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது சொந்தக்காரப் பெண்கள் மூன்று பேர் பேறுகாலத்தில் இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் இல்லை. தான் டாக்டராக வேண்டும், பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று அந்தச் சிறுவன் அப்போது முடிவெடுத்தான்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்றார். ராணுவ மருத்துவரானார். எல்லாம் நினைத்தபடி போய்க்கொண்டிருந்தபோது, 30 வயதில் முடக்குவாதம் வந்து விழுந்தது.

முடக்குவாதம் கிருமியால் வருவது அல்ல. நம் உடம்பில் கிருமிகளோடு சண்டை போடும் பாதுகாப்புப் படை ஒன்று இருக்கிறது. எது அந்நியன், எது சொந்தம் என்று பிரித்தறிந்து அது தாக்கும். சிலருக்கு அந்த அறிதல் பிசகி, சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே தாக்கத் தொடங்குகிறது. மூட்டு வீங்கும், வலிக்கும், காலப்போக்கில் எலும்பும் குருத்தெலும்பும் அரிக்கப்பட்டு விரல்கள் கோணிப்போகும். இன்று இதைக் கட்டுப்படுத்த நல்ல மருந்துகள் இருக்கின்றன. 1948-இல் அப்படிப்பட்ட மருந்துகள் இல்லை. ராணுவத்திலிருந்து அவரை அனுப்பிவிட்டார்கள். மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். எழுந்து நடந்தபோது விரல்கள் நிரந்தரமாக வளைந்திருந்தன. மணலில் எழுதிப் பழகிய அதே விரல்களால் இப்போது பேனாவைப் பிடிக்கவே முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

நெடுநேரம் நின்று பிரசவம் பார்க்கும் டாக்டராக இனி முடியாது. பலர் இந்த இடத்தில் மருத்துவத்தையே விட்டிருப்பார்கள். அவர் எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் படிக்கப் போனார். 1819-இல் தொடங்கப்பட்ட அது, உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அங்கே போய்ச் சேருவது எளிது; அந்தப் பக்கம் போனால் வெளியிலிருந்தாவது அந்தச் செங்கல் கட்டடத்தைப் பாருங்கள். கண் அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். ஆனால் மில்லிமீட்டர் கணக்கில் நகரும் கை வேண்டும். வளைந்த விரல்களை வைத்துக்கொண்டு அவர் பயிற்சி எடுத்தார். கடையில் கிடைக்கும் கருவிகள் அவர் கைக்குப் பிடிபடவில்லை. தன் விரல்களுக்குத் தோதான கருவிகளைத் தானே வடிவமைத்துச் செய்துகொண்டார். பழகப்பழக, ஒரே நாளில் 100 அறுவைகள் வரை செய்யும் கை அவருக்கு வாய்த்தது. வாழ்நாளில் தன் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்.

1956-இல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறையின் தலைவரானார். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து காத்திருந்தால், வரமுடிந்தவர்கள்தான் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம் நடத்தினார். பள்ளிக்கூடம், சத்திரம், கோயில் மண்டபம் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே.

குழந்தைகளின் கண்ணிலும் அவருக்கு அக்கறை இருந்தது. வைட்டமின் ஏ போதாவிட்டால் முதலில் மாலைக்கண் வரும். அதாவது பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. விழித்திரையில் மங்கலான ஒளியை உணரும் ரோடாப்ஸின் என்ற பொருளைச் செய்ய வைட்டமின் ஏ தேவைப்படுவதுதான் காரணம். குறை நீடித்தால் கருவிழியே உலர்ந்து புண்ணாகிப் பார்வை போய்விடும். அப்படிப் போன பார்வை திரும்பாது. 1970களின் தொடக்கத்தில் மதுரையில் இதற்கென்றே அவர் ஓர் ஊட்டச்சத்து மையம் நடத்தினார். சத்துக் குறைந்த குழந்தைகளைத் தாய்மாரோடு தங்கவைத்து, கீரையையும் பருப்பையும் எப்படிச் சமைத்து ஊட்டுவது என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். சேக்காட்டில் எத்தனை வீட்டுச் சுவரோரம் முருங்கை நிற்கிறது! தட்டில் முருங்கைக்கீரையை ஒதுக்கிவைக்கும் பிள்ளைகளிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன், ஒதுக்காதீர்கள்.

1976-இல் அவருக்கு 58 வயது. அரசு வேலையிலிருந்து ஓய்வு. அந்த ஆண்டே மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு சிறிய கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் மனதில் குருவாக வைத்திருந்த ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்கு வைத்தார். 11 படுக்கைகளில் 6 பணம் கொடுக்க முடியாதவர்களுக்கு, 5 பணம் கொடுப்பவர்களுக்கு. வங்கி கடன் தரவில்லை. தம்பி தங்கைகள் நகையை அடகு வைத்தார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். தம்பி சீனிவாசன் கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டார்.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். புரை அறுவையை வெங்கடசாமி கண்டுபிடிக்கவில்லை. செயற்கை லென்ஸையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம், அது நியாயம்தான். ஆனால் கண்டுபிடித்ததை லட்சக்கணக்கான பேருக்கு, அதுவும் பஸ் கட்டணத்துக்கே யோசிக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதும் மூளையைக் கசக்க வேண்டிய கணக்கு. அதையும் அறிவியல் என்றே நான் சொல்வேன். அந்தக் கணக்கைப் போட்டவர் அவர்.

எப்படிப் போட்டார் என்று நீங்களும் போட்டுப் பாருங்கள். ஓர் அறுவைக்கு 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய நோயாளியை இறக்கி, அடுத்தவரைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவிகளை எடுத்துவைக்க இன்னொரு 10 நிமிடம். ஒரே மேசை இருந்தால் மணிக்கு 3 பேர்தான். பாதி நேரம் டாக்டர் சும்மா இருப்பார். இரண்டு மேசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் தயாராகிவிடுவார். டாக்டர் நாற்காலியைத் திருப்பி, மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். இப்போது மணிக்கு 6 பேர். டாக்டர் கொஞ்சம்கூட அவசரப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்; ஒவ்வொருவருக்கும் அதே 10 நிமிடம்தான். இப்படி வேலையைப் பிரித்ததால் அரவிந்தில் ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2,000 அறுவைகள் வரை செய்ய முடிந்தது. அமெரிக்கா போனபோது அங்கே ஊருக்கு ஊர் ஒரே ருசியில் பர்கர் விற்கும் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து அவர் வியந்தார். எங்கே போனாலும் ஒரே தரம், கட்டுப்படியாகும் விலை. கண் சிகிச்சையையும் அப்படிக் கொடுக்க முடியாதா என்று திரும்பத்திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேசை இரண்டானால் போதுமா? கண் அழுத்தம் பார்ப்பது, பவர் அளப்பது, சொட்டு மருந்து விடுவது, நோயாளிக்கு ஆறுதல் சொல்வது எல்லாவற்றுக்கும் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். நூம்பல் போனால் சேலை கட்டி, தலையைப் படிய வாரி, சரசரவென்று நடக்கும் அந்த அக்காக்களைப் பார்க்கலாம். அந்த ஏற்பாடு முழுவதும் அவர்கள் கையில்தான் ஓடுகிறது. டாக்டர் நாச்சியார் கட்டி எழுப்பிய படை அது.

பணம் எங்கிருந்து வந்தது? கொடுக்க முடிந்தவர்கள் கட்டணம் கட்டினார்கள். அதில் மிஞ்சியதில் கொடுக்க முடியாதவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. "நீ ஏழை என்பதற்குச் சான்றிதழ் கொண்டுவா" என்று யாரையும் கேட்கவில்லை. கட்டணப் பிரிவா இலவசப் பிரிவா என்பதை வருகிறவரே தேர்ந்தெடுக்கலாம். இருவருக்கும் அறுவை செய்வது அதே டாக்டர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முகாமில் சோதித்துப் பார்த்து "உங்களுக்குப் புரை, அறுவை இலவசம், வாருங்கள்" என்று சொன்னபிறகும் நிறையப் பேர் வரவில்லை. இலவசமாகக் கொடுத்தும் வரவில்லையே, இவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சலித்துக்கொண்டு போய்விடலாம். அவர்கள் சலித்துக்கொள்ளாமல், வராதவர்களிடமே போய் ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை. துணைக்கு வர ஆளில்லை. வந்தால் துணைக்கு வருகிறவரின் ஒருநாள் கூலி போகும். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கத்தி வைப்பார்களே என்ற பயம். காரணம் தெரிந்ததும் வேலையை மாற்றினார்கள். முகாம் நடக்கும் ஊரிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடும் பாயும் கொடுத்து, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போவதால் பயமும் குறைந்தது. ஒரு சோதனை எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் விஞ்ஞானி ஏன் என்று கேட்பார். அவர்கள் கேட்டது அதே கேள்விதான்.

லென்ஸ் கதை இன்னும் பாக்கி இருக்கிறது. அந்தக் காலத்தில் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். ஊரில் "சோடாபுட்டி" என்று கேலி செய்வார்களே, அது. அதைப் போட்டால் பொருள்கள் கால்பங்குக்குமேல் பெரிதாகத் தெரியும். காபி டம்ளரை எடுக்கப் போனால் கை வேறு இடத்துக்குப் போகும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடி பார்வை இல்லை. எடுத்த லென்ஸுக்குப் பதில் இன்னொரு லென்ஸை உள்ளேயே வைத்துவிட்டால்?

இதைச் செய்துகாட்டியவர் லண்டனின் ஹெரால்ட் ரிட்லி. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்துப் புகுந்திருந்தன. பெர்ஸ்பெக்ஸ் என்ற அந்தப் பிளாஸ்டிக் கண்ணுக்குள் அப்படியே கிடந்தது. கண் அதை எதிர்த்துச் சீழ் பிடிக்கவில்லை. ரிட்லி இதைக் கவனித்து மனதில் வைத்திருந்தார். பிறகு ஒருநாள் அவர் புரை அறுவை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், எடுத்துவிட்டீர்களே, அதற்குப் பதிலாக வேறொன்று வைக்க மாட்டீர்களா என்று கேட்டார். கேட்டால் சிரிப்பார்களோ என்று அந்த மாணவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! 1949 நவம்பர் 29 அன்று ரிட்லி முதல் செயற்கை லென்ஸை ஒரு பெண்ணின் கண்ணில் வைத்தார். சக மருத்துவர்கள் பலர் பல ஆண்டுகள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். முதுமையில் ரிட்லியின் கண்களிலேயே புரை விழுந்தபோது, அவர் தொடங்கிவைத்த அதே வகை லென்ஸைத்தான் அவருக்கும் வைத்தார்கள்.

1990 வாக்கில் இந்த லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. விலை சுமார் 100 டாலர். இலவச நோயாளிக்கு அதை எப்படி வைப்பது? வைக்காமல் சோடாபுட்டி கொடுத்தால், பணக்காரருக்கு ஒரு பார்வை, ஏழைக்கு ஒரு பார்வை என்றாகிவிடும். 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். விலை 10 டாலருக்கும் கீழே வந்தது. இன்று அங்கே செய்யும் லென்ஸ்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.

அந்த லென்ஸ் உள்ளே போவதைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். முந்தின நாளே கண்ணின் நீளத்தை அளந்திருப்பார்கள். சராசரியாக 24 மில்லிமீட்டர். இதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால்கூட லென்ஸின் பவர் இரண்டரைக்குமேல் மாறிவிடும். ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டுத்தான் லென்ஸ் தேர்ந்தெடுக்க வேண்டும். அறுவையின்போது கண் மரத்திருக்கும், ஆள் விழித்திருப்பார். வெள்ளைவிழியில் சுமார் 6 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சாய்வாக ஒரு சுரங்கவழி போடுவார்கள். சாய்வாகப் போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு: கண்ணின் உள் அழுத்தமே அந்த வழியை அமுக்கி மூடிவிடும், தையல் வேண்டாம். லென்ஸைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. பின்பக்கத்தில் அதன் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அதன் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு வாசல் வெட்டி, வெளுத்துப்போன லென்ஸை மட்டும் வெளியே எடுப்பார்கள். பையின் பின்சுவர் கிழியக்கூடாது, அதில்தான் புது லென்ஸ் உட்காரப்போகிறது. புது லென்ஸுக்கு இரு பக்கமும் மெல்லிய வளைந்த கைகள் உண்டு. உள்ளே போனதும் அவை விரிந்து பையின் ஓரத்தில் ஊன்றிக்கொள்ளும். முடிந்தது. இப்போது இன்னும் சிறிய துளை வழியாக, ஒலி அதிர்வால் லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையும் பரவலாகிவிட்டது.

இத்தனை வேகத்தில் செய்தால் கிருமி தொற்றிக்கொள்ளாதா? நல்ல கேள்வி, மருத்துவர்களும் கேட்டார்கள். அரவிந்தில் ஒவ்வோர் அறுவையையும் பதிவு செய்கிறார்கள். 20 லட்சம் அறுவைகளின் பதிவுகளை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தாதபோது, கடுமையான தொற்று 10,000 பேரில் சுமார் 7 பேருக்கு வந்தது. செலுத்தியபோது அது 2 பேராகக் குறைந்தது. 10,000-இல் 5 பேர்தானே என்று நினைக்காதீர்கள். 20 லட்சத்துக்கு அது எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள்: 1,000 கண்கள்.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று காலமானார். 11 படுக்கைகளில் தொடங்கியது அதற்குள் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று பரவியிருந்தது. இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கான அறுவைகள் நடக்கின்றன. அவற்றில் பாதிக்குப் பாதி இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் 50 வயதைத் தாண்டியவர்களை வெளிச்சமான இடத்தில் உட்காரவையுங்கள். பத்தடி தள்ளி நாள்காட்டியைப் பிடியுங்கள். முதலில் வலக்கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள், அழுத்தாமல். தேதியைப் படிக்கட்டும். அடுத்து இடக்கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும், அதனால்தான் தனித்தனியாக. கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடே படிக்கலாம். ராத்திரி வண்டி விளக்கு கூசுகிறதா, கண்ணாடி பவர் அடிக்கடி மாறுகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்றும் கேட்டு, ஒரு தாளில் பெயர், வயது, வலக்கண், இடக்கண் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணில் தடுமாறினாலும் பெரியவர்களிடம் சொல்லி, ஆவடி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் நடக்கும் கண் முகாமுக்கோ கூட்டிப்போகச் சொல்லுங்கள். போகும்போது ஆதார் அட்டையும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். பரிசோதனைக்குப் பாவையை விரியவைக்கும் சொட்டு விடுவார்கள். சில மணி நேரம் கண் கூசும், தனியாகத் திரும்பி வருவது கஷ்டம். துணைக்கு ஆள் வேண்டும். பள்ளி விடுமுறை என்றால் நீங்களும் கூடப் போய்வரலாம்.